15 மாதம்தான் கையில் இருந்தது... விமானத் தொழிற்சாலை தொடங்கிய வால்சந்த் ஹீராசந்த்தின் கதை!

நாவலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஓ.எம்.ஆர் டிராஃபிக்கை வேடிக்கை பார்த்தபடி பால்கனியில் டீ குடிச்சிட்டு இருக்கீங்க. தூரத்தில் மீனம்பாக்கம் பக்கமா ஒரு விமானம் இறங்குது. நீங்க நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டீங்க. தினமும் பார்க்கிறதுதானே!

இப்போ அதே இடத்தில் 1944-ஐக் கற்பனை பண்ணிப் பாருங்க. டெக் பார்க் இல்லை, மால் இல்லை. பக்கிங்ஹாம் கால்வாயில் படகுகள் சரக்கு ஏத்திட்டுப் போற காலம். இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிற பரங்கிமலை விமான தளத்திலிருந்து, நாலு இன்ஜின் வெச்ச ராட்சத விமானங்கள் வங்காள விரிகுடாவை நோக்கிக் கிளம்புகின்றன. அதன் பெயர் பி-24 லிபரேட்டர். அமெரிக்காவில் தயாரான கனரக குண்டுவீச்சு விமானம். ஒரே மூச்சில் ரொம்ப தூரம் பறக்கும் என்பதால், எதிரி நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிக் கடலில் ரோந்து போக பிரிட்டிஷ் விமானப்படை இதைப் பயன்படுத்தியது.

ரோந்துக்கு பிரிட்டிஷ்காரர்கள், பர்மாவில் குண்டு போட அமெரிக்கர்கள் என்று அந்த வருடங்களில் இந்திய வானத்தில் லிபரேட்டர்கள் நிறையவே பறந்தன. சரி, இவ்வளவு பெரிய விமானம் ரிப்பேர் ஆனால் எங்கே கொண்டுபோவது? பக்கத்தில் பெங்களூரில் அதற்கு ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தை உருவாக்கியவர் ராணுவ அதிகாரி இல்லை, இன்ஜினீயரும் இல்லை. காலேஜ் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு கான்ட்ராக்டர். பெயர் வால்சந்த் ஹீராசந்த்.

இன்னொரு விஷயம். அந்தத் தொழிற்சாலை சூடுபிடிச்சு ஓடத் தொடங்கியபோது அது அவர் கையில் இல்லை. ஏன் என்பதுதான் இந்தக் கதை.

சோலாப்பூர் கான்ட்ராக்டர்

1882 நவம்பர் 23. இன்றைய மகாராஷ்டிராவின் சோலாப்பூரில், குஜராத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தார் வால்சந்த். பருத்தி வியாபாரம், வட்டித் தொழில் என வசதியான வீடு. பம்பாயிலும் புனேவிலும் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால், டிகிரி வாங்கவில்லை. குடும்பத் தொழிலுக்குத் திரும்பினார், அதிலும் மனசு ஒட்டவில்லை.

ரயில்வேயில் கிளார்க்காக இருந்த லட்சுமணராவ் பாடக் என்பவருடன் கூட்டு சேர்ந்து ரயில் பாதை போடும் கான்ட்ராக்ட் எடுத்தார். அதுதான் அவருக்கான களம். மலையைக் குடைவது, பாலம் கட்டுவது, பம்பாய்க்குக் குடிநீர்க் குழாய் பதிப்பது என வேலைகள் அடுத்தடுத்து வந்தன. யாரும் தொடத் தயங்கும் பெரிய வேலையை எடுப்பார், கடன் வாங்குவார், ஆட்களைத் திரட்டுவார், முடித்துக் கொடுப்பார். இன்னிக்கு ஸ்டார்ட்அப் உலகத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஆளை ரொம்ப நல்லாவே புரியும்.

கப்பல் சொல்லிக்கொடுத்த பாடம்

வ.உ.சி-யின் கதை உங்களுக்குத் தெரியும். 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் கன்னாபின்னாவென்று குறைத்தது. வ.உ.சி சிறைக்குப் போனார், கம்பெனி மூழ்கியது.

அதெல்லாம் நடந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. 1919-ல் வால்சந்தும் நண்பர்களும் குவாலியர் மகாராஜாவிடமிருந்து ஒரு கப்பலை வாங்கினார்கள். முதல் உலகப்போரில் மருத்துவக் கப்பலாக ஓடிய அதன் பெயர் எஸ்.எஸ்.லாயல்டி. அதே வருடம் ஏப்ரல் 5-ம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. இன்றைக்கும் ஏப்ரல் 5-ஐ இந்தியா தேசிய கடல்சார் தினமாகக் கொண்டாடுவது இதனால்தான்.

வ.உ.சி-க்கு நடந்தது இவர்களுக்கும் நடந்தது. அதே கட்டணக் குறைப்பு, அதே நெருக்கடி. ஆனால், இவர்களுடைய சிந்தியா கம்பெனி மூழ்கவில்லை. 1923-ல் பிரிட்டிஷ் கம்பெனிகளோடு ஓர் உடன்படிக்கைக்கு வந்தது. இந்தியக் கரையோரமாக மட்டும், குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் கப்பல் ஓட்டிக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். சமரசம்தான், கசப்பான சமரசம். ஆனால், கம்பெனி உயிரோடு இருந்தது. சண்டை போடவும் வேண்டும், அதே அரசாங்கத்தின் அனுமதிக்காக வாசலில் காத்திருக்கவும் வேண்டும் என்ற இந்த இரட்டை நிலைமை கடைசி வரை வால்சந்தை விடவே இல்லை.

ஒரு பயணம், ஒரு சந்திப்பு

1939. இரண்டாம் உலகப்போர் தொடங்கிவிட்டது. இந்தியாவில் கார் தயாரிக்க வேண்டும் என்ற கனவோடு அமெரிக்காவுக்குப் பயணம் போனார் வால்சந்த். வழியில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கரின் அறிமுகம் கிடைத்தது. சீனாவில், பர்மா எல்லைக்குப் பக்கத்தில் சீன அரசுக்காக விமானத் தொழிற்சாலை நடத்தியவர் பாலி. பேச்சு விமானங்களைப் பற்றித் திரும்பியது. சீனாவில் முடியும் என்றால் இந்தியாவில் ஏன் முடியாது? கார் தேடிப் போன மனுஷன் விமானத்தைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைய இந்தியாவில் காரே தயாராகவில்லை என்பதை மறந்துடாதீங்க. வெளிநாட்டிலிருந்து பாகங்கள் வரும், இங்கே சேர்த்துப் பூட்டுவார்கள், அவ்வளவுதான். அந்த நாட்டில் விமானத் தொழிற்சாலை என்றால் அரசு எப்படி எடுத்துக்கொண்டிருக்கும்? மாதக்கணக்கில் பதிலே இல்லை. அமெரிக்க இயந்திரங்கள் தங்களுக்கே போதவில்லை, அதில் இந்தியாவுக்கு வேறு பங்கு போகவேண்டுமா என்பது லண்டனின் கவலை. 1940 ஜூனில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் விழுந்த பிறகுதான் காற்று மாறியது. கிழக்கில் ஒரு விமானத் தொழிற்சாலை இருந்தால் நல்லதுதான் என்று அரசு இறங்கி வந்தது.

இடம் எங்கே? கடற்கரை வேண்டாம், எதிரி விமானம் எட்டிவிடும். மைசூர் சமஸ்தானம் கை கொடுத்தது. திவான் மிர்சா இஸ்மாயில் பெங்களூரில் 700 ஏக்கர் நிலம் தந்தார். சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. படித்த ஆட்களுக்குப் பக்கத்திலேயே இந்திய அறிவியல் கழகம். 1940 டிசம்பர் 23-ம் தேதி இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் லிமிடெட் பதிவானது. டோம்லூர் சாலையில் ஒரு பங்களாதான் முதல் ஆபீஸ். நீங்க பெங்களூரில் வேலை பார்த்திருந்தால், அந்த ரோட்டு சிக்னலில் எத்தனையோ தடவை காத்திருந்திருப்பீங்க.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாகணும். அதே 1940 அக்டோபரில்தான் காந்தி தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கியிருந்தார். பிரிட்டனின் போருக்கு உதவக்கூடாது என்று சொல்லி வினோபா பாவே, நேரு என வரிசையாகச் சிறைக்குப் போனார்கள். காங்கிரஸின் பக்கம் நின்ற வால்சந்தோ அதே நேரத்தில் அந்தப் போருக்கு விமானம் செய்யக் கிளம்பினார். போர் ஒருநாள் முடியும், தொழிற்சாலை இங்கேயே இருக்கும் என்பது அவரைப் போன்ற சுதேசித் தொழிலதிபர்களின் கணக்கு. லாபக் கணக்கும் அதில் உண்டு. தியாகியா, வியாபாரியா என்று ஒரே வார்த்தையில் முத்திரை குத்த முடியாத ஆள் அவர்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு விமானம்

இதே சமயத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் என்ன நடந்தது தெரியுமா?

பி-24 லிபரேட்டர் முதன்முதலில் பறந்தது 1939 டிசம்பர் 29-ல். அதை வடிவமைத்த கன்சாலிடேட்டட் கம்பெனி, கலிஃபோர்னியாவின் சான்டியாகோவில் அதைக் கிட்டத்தட்டக் கையாலேயே சேர்த்துக்கொண்டிருந்தது. வேலையில் ஒரு பகுதி திறந்தவெளியில் நடந்தது. வெயிலில் உலோகம் விரியும், நிழலில் சுருங்கும். ஒரு விமானத்தின் பாகம் இன்னொன்றில் சரியாகப் பொருந்தாது. 1941 ஜனவரியில் இதைப் பார்க்க ஃபோர்டு கம்பெனியின் சார்லஸ் சோரன்சன் வந்தார். அதே ஃபோர்டுதான், நம்ம மறைமலை நகரில் 2022 வரை கார் தயாரித்த கம்பெனி. ஹோட்டல் அறையில் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து, கார் மாதிரி வரிசையில் ஓடவிட்டு விமானத்தைச் சேர்ப்பது எப்படி என்று அவர் ஒரு திட்டம் வரைந்தார்.

டெட்ராய்ட் அருகே வில்லோ ரன் என்ற இடத்தில் அந்தத் தொழிற்சாலை எழுந்தது. அசெம்பிளி லைன் மட்டும் ஒரு மைல் நீளத்துக்கு மேல். ஒரு லிபரேட்டருக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ரிவெட் அடிக்கணும். ஆரம்பத்தில் எல்லாமே தடுமாற்றம். ஆட்கள் கிடைக்கவில்லை, டிசைன் மாறிக்கொண்டே இருந்தது. வில்லோ ரன் என்ற பெயரையே 'வில் இட் ரன்' என்று மாற்றி, இது ஓடுமா என ஊரே கிண்டல் பண்ணியது. ஆனால், அமெரிக்க அரசு பொறுமையாகப் பணமும் ஆர்டரும் கொடுத்தது. ஆண்கள் போருக்குப் போன இடத்தில் பெண்கள் வந்து ரிவெட் அடித்தார்கள். ஊழியர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 1944-ல் கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துக்கு ஒரு விமானம் வெளியே வந்தது. வில்லோ ரன்னில் மட்டும் 8,600-க்கு மேல், எல்லாத் தொழிற்சாலைகளையும் சேர்த்தால் 18,000-க்கு மேல். அமெரிக்கா வேறு எந்த ராணுவ விமானத்தையும் இவ்வளவு தயாரித்ததில்லை.

பெங்களூரையும் வில்லோ ரன்னையும் அளவில் ஒப்பிடவே முடியாது. யானையும் பூனையும்தான். ஆனால், இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கியவை, இரண்டுக்கும் அரசுதான் வாடிக்கையாளர். ஒரு பக்கம் தடுமாறும்போது அரசு தூக்கிப் பிடித்தது. இன்னொரு பக்கம் என்ன ஆச்சு?

1942 ஏப்ரல்

பெங்களூருக்குக் கிடைத்த ஆர்டரில் மூன்று அமெரிக்க ரகங்கள் இருந்தன. ஹார்லோ பயிற்சி விமானம், கர்டிஸ் ஹாக் போர் விமானம், வல்டி என்ற சிறிய குண்டுவீச்சு விமானம். பாலியின் ஆட்கள் வேலை கற்றுக்கொடுத்தார்கள். 1941 ஆகஸ்ட்டில் முதல் ஹார்லோ தயாராகிவிட்டது. கம்பெனி பதிவாகி எட்டே மாதம்! அதற்குள் இந்திய அரசும் மூன்றில் ஒரு பங்கு பங்குதாரராக உள்ளே வந்திருந்தது.

அப்புறம் நிலைமை தலைகீழானது. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று குண்டுகள் விழுந்தன. சென்னையில் பாதி ஊர் காலியானது. உங்க தாத்தா, பாட்டி யாராவது எவாக்குவேஷன் என்று சொல்லிக் கேட்டிருப்பீங்க, அது இதுதான். விசாகப்பட்டினத்தில்தான் வால்சந்த் 1941-ல் கப்பல் கட்டும் தளத்துக்கு அடிக்கல் நாட்ட ஏற்பாடு செய்திருந்தார். அந்தக் கனவின் வாசலிலேயே குண்டு விழுந்தது.

அதே 1942 ஏப்ரலில், விமானத் தொழிற்சாலையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. வால்சந்த்தின் பங்குகளுக்குப் பணம் கொடுத்து அவரை வெளியே அனுப்பியது. மைசூர் அரசு பங்குதாரராகத் தொடர்ந்தது, ஆனால் நிர்வாகத்தில் இல்லை. எதிரி வாசலுக்கு வந்துவிட்டான், புதுசா விமானம் தயாரிக்க நேரம் இல்லை, இருப்பதைப் பழுதுபார்த்தால் போதும் என்பது அரசின் பார்வை. போர்க்காலத்தில் அதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், விமானம் செய்யக் கற்றுக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலை அதோடு ரிப்பேர் ஷெட் ஆனது.

பதிவான நாளிலிருந்து எண்ணினால் சுமார் 15 மாதம். அவ்வளவுதான் அது வால்சந்த்தின் கையில் இருந்தது. அங்கே சேர்க்கப்பட்ட கர்டிஸ் ஹாக் முதன்முதலில் பறந்தது 1942 ஜூலை கடைசியில். அதற்குள் அவர் வெளியே போயாச்சு.

1943-ல் தொழிற்சாலை அமெரிக்க ராணுவ விமானப்படையின் பொறுப்புக்குப் போனது. அங்கேதான் லிபரேட்டர்கள் வந்தன. பி-25 குண்டுவீச்சு விமானங்கள், டகோட்டாக்கள், கேட்டலினா என்ற கடல் விமானங்களும் வந்தன. கேட்டலினா தண்ணீரில் இறங்குவது. அதற்கு ரன்வேயாக இருந்தது எது தெரியுமா? பெல்லந்தூர் ஏரி! இன்னிக்கு நுரை பொங்குது என்று நியூஸில் வருமே, அதே ஏரிதான்.

மாட்டுவண்டி சக்கரத்துக்குப் பட்டை போட்ட கைகளும், சைக்கிள் கடையில் ஸ்பேனர் பிடித்த கைகளும் நாலு இன்ஜின் விமானத்தைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்ட காலம் அது. இறக்கையில் கிழிந்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ரிவெட் அடிப்பது, இன்ஜினை முழுசாகப் பிரித்துச் சேர்ப்பது, சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. இது எதுவும் புத்தகத்தில் வராது, செய்து செய்துதான் வரும்.

காயலான் கடையிலிருந்து ஒரு விமானப்படை

1945-ல் போர் முடிந்தது. பிரிட்டனுக்கு அமெரிக்கா கடன் ஒப்பந்தத்தில் கொடுத்த விமானங்களை ஒன்று திருப்பித் தரணும், இல்லை யாரும் பயன்படுத்த முடியாதபடி பண்ணணும் என்பது விதி. கான்பூரில் பிரிட்டிஷ் விமானப்படை தன் லிபரேட்டர்களைக் குவித்து, வேண்டுமென்றே சேதப்படுத்தி விட்டுப் போனது. கருவிகளை உடைத்தார்கள், உடம்பில் ஓட்டை போட்டார்கள், இன்ஜினுக்குள் மண்ணைக் கொட்டினார்கள். மணிக்கு ஒன்று என அமெரிக்காவில் தயாரான விமானங்கள், இங்கே வெயிலிலும் மழையிலும் குப்பையாகக் கிடந்தன.

சுதந்திர இந்தியாவுக்குக் கனரக குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது. வாங்கக் கையில் காசு இல்லை. 1948-ல் பெங்களூர் தொழிற்சாலைக்கு வேலை வந்தது. கான்பூர் குப்பையில் ஏதாவது தேறுமா, பாருங்கள்!

புதுப்பேட்டையில் பழைய பைக்குக்குப் பார்ட்ஸ் தேடி அலைஞ்சிருக்கீங்களா? கிட்டத்தட்ட அதே வேலை, விமான அளவில். ஒன்றின் இறக்கை, இன்னொன்றின் வால், மூன்றாவதின் இன்ஜின் எனப் பொறுக்கி, ஓரளவு பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். தொழிற்சாலையின் டெஸ்ட் பைலட் ஜிம்மி முன்ஷி, அவற்றைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டி வந்தார். இங்கே முழுசாகப் புதுப்பித்தார்கள். இப்படி உயிர் பெற்றவை சுமார் 40. அவற்றை வைத்து 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5-வது ஸ்குவாட்ரன் உருவானது. 1968 வரை இந்தியாவில் லிபரேட்டர் பறந்தது. தயாரித்த அமெரிக்காவே அதைக் கைவிட்டுப் பல வருடம் கழித்தும் இங்கே பறந்தது! இன்றைக்கு பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்திலும், அமெரிக்காவில் அரிசோனாவின் பீமா மியூசியத்திலும் நிற்கிற லிபரேட்டர்கள் இந்திய விமானப்படை கொடுத்தவை.

அந்த விமானங்கள் எழுந்தபோது வால்சந்த் உயிரோடுதான் இருந்தார். ஆனால், அது அவருடைய கம்பெனி இல்லை.

மிச்சம் என்ன?

மனுஷன் அதற்காக மூலையில் உட்காரவில்லை. கார் கனவையும் விடவில்லை. ஃபோர்டுடன் பேசியது ஒத்துவராமல் போக, க்ரைஸ்லருடன் கை கோத்தார். 1944-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பிறந்தது. பிற்காலத்தில் பம்பாய் டாக்ஸியாக எல்லா சினிமாவிலும் வந்த பிரீமியர் பத்மினி அந்தக் கம்பெனியின் கார்தான். விசாகப்பட்டினம் தளத்தில் கட்டிய ஜல உஷா கப்பலை 1948 மார்ச் 14-ம் தேதி நேரு கடலில் இறக்கிவைத்தார்.

1949-ல் பக்கவாதம் தாக்கியது. அடுத்த வருடம் தொழில்களிலிருந்து ஒதுங்கினார். 1952-ல் கப்பல் தளத்தின் பெரும்பங்கும் அரசிடம் போனது, இந்த முறை நம்முடைய சொந்த அரசு. 1953 ஏப்ரல் 8-ம் தேதி வால்சந்த் காலமானார்.

பெங்களூர் தொழிற்சாலை 1951-ல் தன் சொந்த வடிவமைப்பான ஹெச்.டி-2 பயிற்சி விமானத்தைப் பறக்கவிட்டது. 1964-ல் அது இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஆனது. ஆமாம், தேஜஸ் தயாரிக்கிற அதே ஹெச்.ஏ.எல்.

வால்சந்த்நகர் என்று ஒரு ஊருக்கே தன் பெயர் வைக்கப்பட்ட ஆள் அவர். ஹெச்.ஏ.எல் பெயரில் மட்டும் அவர் இல்லை. நீங்க கஷ்டப்பட்டு உருவாக்கிய டீம் வேறு யார் கைக்கோ போயிருக்கலாம், ஆரம்பித்த புராஜெக்ட்டில் உங்க பெயர் இல்லாமல் போயிருக்கலாம். அந்த வலிக்கு வால்சந்த்தின் கதையில் மருந்து இருக்கு என்று சொல்ல மாட்டேன். அவருடைய நஷ்டம் நிஜமான நஷ்டம். 1942-ல் விடாமல் இருந்திருந்தால் இந்தியா எந்த உயரத்துக்குப் போயிருக்கும் என்ற கேள்வியும் அப்படியே இருக்கு.

ஆனால், ஒன்றை மட்டும் அரசால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வேலை கற்றுக்கொண்ட கைகளை. பங்குப் பத்திரம் கைமாறியது, நிர்வாகம் கைமாறியது. ஸ்பேனர் பிடித்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். கான்பூரில் மண் அடைத்துக் கிடந்த இன்ஜினை உறும வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

அடுத்த தடவை பெங்களூர் போனால், மாரத்தஹள்ளி பக்கத்தில் இருக்கிற ஹெச்.ஏ.எல் மியூசியத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க. அதுவரைக்கும், நாவலூர் பால்கனியில் விமானச் சத்தம் கேட்டால் ஒருமுறை நிமிர்ந்து பாருங்க. டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை!